நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் ஜிபிஎஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 4,100 கி.மீ. அதை முழுதாக ஓட்டிப் பார்ப்பவர்கள் குறைவுதான். சென்னை–கன்னியாகுமரி, கோவை–மைசூரு, சேலம்–ஹைதராபாத் என்று நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்கள் ஏராளம். இரு தரப்பாரும் கேட்கும் கேள்விகள் இவை. போனில் ஓடும் மேப், காரின் திரையிலேயே வரும் மேப், கார்மின் போன்ற தனிக் கருவி ஆகிய மூன்றும் அடிப்படையில் ஒன்றுதான். வேறுபடும் இடங்களில் மட்டும் பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

போன் போதுமா, தனி ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா?

இந்தியாவில் தார்ச்சாலைப் பயணத்துக்குப் போன் போதும். தனிக் கருவியிலும் நல்ல அம்சங்கள் உண்டு. திரை வெயிலில் தெளிவாகத் தெரியும், சூட்டைத் தாங்கும், நடுவில் போன் வந்து மேப்பை மறைக்காது. ஆனால் அதன் மேப்பைக் கணினியில் இணைத்தோ வைஃபையிலோ நாம்தான் புதுப்பிக்க வேண்டும். கடை, விடுதி பெயர்களைத் தேடினால் பாதி கிடைக்காது. உள்ளே இருக்கும் பேட்டரி பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான் தாங்கும், அதனால் சார்ஜர் எப்போதும் செருகியே இருக்க வேண்டும்.

அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனை எடுத்துப் பாருங்கள். சிம் இல்லாமலே அதில் ஆஃப்லைன் மேப் ஓடும். முதல் போன் சூடாகி அணைந்தாலோ தொலைந்தாலோ கைகொடுக்கும்.

டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு சிக்னல் அனுப்புகின்றன. உங்கள் கருவி அதைக் கேட்கிறது, பதிலுக்கு எதுவும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். இன்றைய போன்கள் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. சில போன்கள் நம் இஸ்ரோவின் நாவிக் அமைப்பையும் கேட்கின்றன. ஆகவே கோள்களுக்குப் பஞ்சமில்லை.

டேட்டா தேவைப்படுவது மற்றவற்றுக்கு: மேப் படம், பெயர் தேடல், போக்குவரத்து நெரிசல் நிலவரம். இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் வழக்கமாக இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது. இணையம் இல்லாவிட்டால் அதைக் கோளிலிருந்தே வாங்க வேண்டும். ஒவ்வொரு கோளும் தன் இருப்பு விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. மரமோ கட்டடமோ நடுவில் மறைத்தால் அந்தச் சுற்று வீணாகி, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லாக் கோள்களின் பட்டியலும் ஒரு முறை முழுதாக வந்து முடிய 12.5 நிமிடம் பிடிக்கும்.

எனவே ஊரைத் தாண்டிய இடத்தில் போனை அணைத்துப் போட்டு நீலப் புள்ளி வரவில்லை என்றால், திறந்த வானத்தின் கீழ் வண்டியை நிறுத்தி ஓரிரு நிமிடம் பொறுங்கள். ஓடிக்கொண்டே தேடினால் தாமதமாகும். மேகமும் மழையும் இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

ஆஃப்லைன் மேப்பை எப்படி இறக்குவது? இறக்கியும் வழி காட்டவில்லையே?

கூகுள் மேப்பில் மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப் பகுதிக்குப் போங்கள். சொந்தமாக ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். ஒரு பெட்டி வரும், அதை இழுத்துப் பெரிதாக்கி இறக்கிக்கொள்ளலாம். ஒரு பெட்டிக்கு அளவு வரம்பு உண்டு, அதனால் நீண்ட பாதையைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கட்டும். இடையில் பத்து கி.மீ. விட்டுப்போனாலும் அங்கேதான் வழி அறுந்துபோகும். ஒவ்வொரு துண்டும் சில நூறு எம்பி வரலாம், வைஃபையில் இறக்குவது நல்லது. ஐபோனின் சொந்த மேப்பிலும் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் இந்த வசதி இருக்கிறது.

இறக்கியும் வழி வராததற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. புறப்படும் இடமோ சேரும் இடமோ இறக்கிய பகுதிக்கு வெளியே இருப்பது ஒன்று. மேப் காலாவதியாகியிருப்பது இன்னொன்று: ஆஃப்லைன் மேப்புக்கு ஆயுள் உண்டு, பட்டியலில் ஒவ்வொன்றின் கீழும் தேதி இருக்கும், கிளம்பும் வாரத்தில் எல்லாவற்றையும் ஒரு முறை புதுப்பித்துவிடுங்கள். மூன்றாவது, நடை அல்லது பேருந்து முறையில் கேட்பது: ஆஃப்லைனில் கார் வழி மட்டும்தான் கிடைக்கும். நெரிசல் நிலவரமும் மாற்று வழிகளும் அப்போது வரமாட்டா.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். போனை விமான முறையில் போட்டு, இருப்பிட வசதியை மட்டும் திறந்து வைத்து, முதல் நாள் பாதையைக் கேளுங்கள். கோடு வந்தால் சரி.

இரண்டாவதாக ஒரு செயலியும் இருக்கட்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் இரண்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுபவை, மாநிலம் அல்லது வட்டார அளவில் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். கடைப் பெயர்கள் குறைவாக இருக்கும். ஆனால் மலை, காடு, மண்பாதை விவரங்கள் சில இடங்களில் மற்ற மேப்புகளைவிட நன்றாக இருக்கும். மேப்மைஇந்தியாவின் மேப்ல்ஸ் செயலியும் வைத்துக்கொள்ளத் தகுந்ததே. இரண்டு வேறு மேப்புகள் ஒரே வழியைச் சொன்னால் தைரியமாகப் போகலாம், வேறு வேறு வழி சொன்னால் நின்று யோசிக்கலாம்.

காஷ்மீர், லடாக் போகிறோம். நம் சிம் வேலை செய்யுமா?

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும். பதான்கோட்டைத் தாண்டும் முன் எல்லா மேப்பும் கையில் இருக்க வேண்டும். மணாலி–லே பாதையில் மேப் காட்டும் பெட்ரோல் பங்குகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். டாண்டியில் உள்ள பங்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று எழுதியிருந்த பலகை அந்தப் பாதையில் போகும் ஓட்டிகளிடையே பிரபலம். டாண்டியிலேயே டேங்க்கை நிரப்பிவிட வேண்டும்.

ஊர்ப் பெயரைப் போட்டால் வேறு ஊருக்குக் கூட்டிப் போகிறதே?

தமிழ்நாட்டில் இது அடிக்கடி நடக்கும். திருப்பத்தூர் என்று தனி மாவட்டமே வேலூர் பக்கம் இருக்கிறது, சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. குரு தலமான ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது, புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வேறு. கோவை நகருக்குள்ளேயே ஒரு ராமநாதபுரம் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டும்போது குழப்பம் இன்னும் கூடும்: ஒரே பெயரை டி-யில் தொடங்கி ஒரு விதமாகவும் டி-எச் சேர்த்து இன்னொரு விதமாகவும் எழுதுவார்கள்.

பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். முடிவு வந்ததும் தொடங்கு பொத்தானைத் தொடுவதற்கு முன் மொத்தத் தூரத்தைப் பாருங்கள். 90 கி.மீ. இருக்க வேண்டிய இடம் 340 காட்டினால் அது வேறு ஊர். கல்யாண வீடு, குலதெய்வக் கோயில், பண்ணை வீடு போன்றவற்றுக்குப் பெயர்த் தேடலையே விட்டுவிடுங்கள். அங்கே இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பச் சொல்லுங்கள். அவர் அந்த இடத்தில் நின்றுகொண்டு அனுப்ப வேண்டும். கடைத்தெருவில் இருந்துகொண்டு அனுப்பினால் கடைத்தெருவுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போட்டேன், தப்பான இடம் வருகிறது. ஏன்?

இரண்டு விதமாக எழுதும் வழக்கம் இருப்பதால்தான். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலை எடுத்துக்கொள்வோம். பாகை, கலை, விகலையில் எழுதினால் 9°55'10" வடக்கு, 78°07'10" கிழக்கு. தசமத்தில் 9.9194, 78.1194. முதல் வடிவத்தில் உள்ளதைப் பார்த்து 9.5510, 78.0710 என்று தட்டினால் சுமார் 40 கி.மீ. தெற்கே, அருப்புக்கோட்டைப் பக்கம் போய் நிற்பீர்கள். கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டினால் தசம எண் கிடைக்கும்.

எப்போதும் அட்சரேகைதான் முதலில். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 8 முதல் 13.5 வரை இருக்கும், தீர்க்கரேகை 76 முதல் 80 வரை. இடம் மாற்றிப் போட்டால் மேப் ஆர்க்டிக் பகுதிக் கடலைக் காட்டும், அதனால் இந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும். முதல் தப்புதான் ஆபத்து, ஏனென்றால் அது நம்பும்படியான ஓர் இடத்தைக் காட்டும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர் துல்லியம். ஐந்துக்கு மேல் எழுதிப் பயனில்லை.

700 கி.மீ. பாதையை ஒரே மூச்சில் போடலாமா?

போடலாம், ஆனால் வேண்டாம். செயலி நடுவழியில் "4 நிமிடம் மிச்சம்" என்று சொல்லி வேறு சாலைக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் போக நினைத்த சாலையில் அதைப் பிடித்து வைக்க, இடையில் ஊர்களைச் சேருங்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு என்றால் விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி போதும்.

இடைப் புள்ளியை வைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் புள்ளி எதிர்ப்பக்கத்தில் விழுந்துவிட்டால், செயலி உங்களைத் தாண்டிப் போகச் சொல்லி, யூ-டர்ன் எடுக்க வைத்து, திரும்பக் கொண்டுவரும். சில இடங்களில் அதற்கே ஏழெட்டு கி.மீ. வீணாகும். மேப்பை நன்றாகப் பெரிதாக்கி, நீங்கள் போகும் திசைச் சாலையின் மேலேயே புள்ளியை வையுங்கள். சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் பங்க் தேர்ந்தெடுக்கும்போதும் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். குறித்து வைத்த கடையில் நிற்காமல் போனால் அந்தப் புள்ளியை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அரை மணி நேரமும் திரும்பு, திரும்பு என்று கத்திக்கொண்டிருக்கும்.

சாலை எண்களும் குழப்பும். 2010இல் தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் 45, 7 என்ற பழைய எண்கள்தான். மேப்பில் சென்னை–திண்டிவனம் 32, திண்டிவனம்–விழுப்புரம் 132, விழுப்புரம்–திருச்சி–மதுரை 38, மதுரைக்குத் தெற்கே 44. டீக்கடையில் வழி கேட்கும்போது எண்ணைச் சொல்லாமல் ஊரைச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த அமைப்புகளை முதலில் சரிபார்க்க வேண்டும்?

வண்டி வகையை. கூகுள் மேப்பில் 2017 முதல் இருசக்கர வாகனத்துக்குத் தனி முறை உண்டு. கடைசியாக பைக்கில் போனபோது போட்டது அப்படியே இருந்தால், காரைச் சந்து சந்தாக நுழைய வைக்கும். "மேப் தப்பு" என்று சொல்லப்படும் புகார்களில் கணிசமானவை இதுதான்.

அடுத்தது சுங்கச்சாவடி தவிர்ப்பு. யாரோ எப்போதோ தட்டி வைத்திருப்பார்கள். அது இயக்கத்தில் இருந்தால் நான்குவழிச் சாலை பக்கத்திலேயே இருக்க, ஊருக்குள் ஊராகக் கூட்டிப் போகும். நெடுஞ்சாலை தவிர்ப்பும் அப்படியே. பிறகு போனின் பேட்டரி சேமிப்பு முறையை அணையுங்கள், செயலிக்குத் துல்லிய இருப்பிட அனுமதி கொடுங்கள். அந்த அனுமதி இல்லாவிட்டால் நீலப் புள்ளி தெருவில் நிற்காமல் பேட்டை அளவில் ஒரு வட்டமாக மிதக்கும்.

மலைப்பாதையிலும் காட்டுப்பாதையிலும் மேப்பை நம்பலாமா?

தூரத்தை நம்பலாம். அனுமதி, நேரம், சரிவு ஆகியவற்றுக்கு நம்பாதீர்கள். மேப்புக்குச் சாலை தெரியும், அந்தச் சாலைக்கான அரசாணை எப்போதும் தெரிந்திருக்காது.

பந்திப்பூர் வழியாகப் போகும் ஊட்டி–மைசூரு சாலையும், குண்டல்பேட்டை–சுல்தான் பத்தேரி சாலையும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் சாலையிலும் இரவுத் தடை உண்டு. கோவையிலிருந்து மாலையில் கிளம்பி "மைசூரு 5 மணி நேரம்" என்று மேப் சொல்வதைப் பார்த்து ஓட்டினால் சோதனைச்சாவடியில் விடிய விடியக் காத்திருக்க நேரும். கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: இரவு 8 மணிக்குச் சோதனைச்சாவடியைத் தாண்டியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து கழித்து வாருங்கள்.

ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையே கல்லட்டி மலைப்பாதை இருக்கிறது. கூடலூர் வழியோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவான தூரம், ஆகவே மேப்புக்குப் பிடித்த வழி. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கடும் சரிவும் கொண்டது. வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. மேப் எதைச் சொன்னாலும் கூடலூர் வழியாக இறங்குங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சோதனைச்சாவடியில் டவர் கிடைக்காமல் போகலாம், அதனால் பாஸைப் படமாகச் சேமித்துக்கொண்டு போங்கள்.

சாலை குறுகிக்கொண்டே போகிறது. தொடரலாமா, திரும்பலாமா?

2024 ஜனவரியில் கூடலூரில், வழிகாட்டியை நம்பிப் போன சுற்றுலாக் கார் ஒன்று படிக்கட்டில் இறங்கிச் சிக்கியது. அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசம் பரேலி அருகே, ஒரு முனை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூவர் இறந்தார்கள். பாலத்துக்குத் தடுப்பு இல்லை, மேப்பிலோ அது திறந்த சாலையாக இருந்தது.

சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதி அபாயம் முன்பே தெரிந்துவிடும். கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, கறுப்பு அல்லது நீலம் மாவட்ட, நகரச் சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. மஞ்சளில் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆரஞ்சைப் பார்த்தால் செயலி குறுக்குவழிக்கு இழுத்துவிட்டது என்று அர்த்தம். பகலில், மழை இல்லாதபோது அது பரவாயில்லை. இருட்டிய பிறகு 15 நிமிடம் மிச்சமாகும் என்று சொன்னாலும் பெரிய சாலையை விட்டு இறங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

சந்தேகம் வந்தால் நிறுத்தி, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, அடுத்த இரண்டு மூன்று கி.மீ.க்குச் சாலை தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணீரைக் கடக்கும் இடத்தில் பாலம் தெரிகிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். ஆள் கிடைத்தால் "இந்த ரோடு போகுமா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் போகும் என்றுதான் சொல்வார்கள். "இந்த ரோட்டில் பஸ் போகுதா? கடைசியாக எப்போ போச்சு?" என்று கேளுங்கள். பஸ் போகும் சாலையில் கார் போகும். இரவில் தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தை மேப்பை நம்பிக் கடக்கவே கூடாது.

மேம்பாலத்தில் போகும்போது சர்வீஸ் ரோட்டில் போவதாகக் காட்டுகிறதே?

திறந்த வெளியில் போனின் துல்லியம் சுமார் 5 மீட்டர். ஒரு வழித்தடத்தின் அகலம் 3.5 மீட்டர். சர்வீஸ் ரோடு பக்கத்திலேயே இருப்பதால் இரண்டில் எதில் இருக்கிறீர்கள் என்று கருவிக்குத் தெரியாது, ஊகிக்கிறது. உயரக் கணக்கில் ஜிபிஎஸ் இன்னும் மோசம், ஆகவே பாலத்தின் மேலா கீழா என்பதும் ஊகம்தான். சென்னை கத்திப்பாராவில் குழம்பாத கருவி இல்லை.

இதற்கு அமைப்பு எதையும் மாற்றிப் பயனில்லை. பிரியும் இடத்துக்கு ஒரு கி.மீ. முன்பே திரையில் எந்த ஊர்ப் பெயர் வருகிறது என்று பார்த்துக்கொண்டு, பச்சைப் பலகையில் அதே பெயர் எந்த அம்புக்குறியில் இருக்கிறது என்று பாருங்கள். பலகையும் மேப்பும் முரண்பட்டால் பலகைதான் சரி. தவறவிட்டால் அடுத்த திறப்பு வரை போங்கள். நெடுஞ்சாலையில் பின்னோக்கி எடுப்பதும் எதிர்த்திசையில் நுழைவதும் உயிரோடு விளையாடுவது.

புள்ளி காரணமே இல்லாமல் குதித்தால், முன் கண்ணாடியில் உலோகக் கலப்புள்ள சன் ஃபிலிம் இருக்கிறதா, போன் பக்கத்திலேயே மலிவு விலை டேஷ்கேமோ சார்ஜரோ இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றின் மின்னிரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும்.

சுரங்கப்பாதைக்குள்?

சிக்னல் கிடைக்காது. 44ஆம் எண் சாலையில் ஜம்முவுக்கு வடக்கே செனானி–நாஷ்ரி சுரங்கமும், மணாலி பக்கம் அடல் சுரங்கமும் தலா 9 கி.மீ.க்கு மேல். பாலக்காடு–திருச்சூர் சாலையின் குதிரான் சுரங்கம் ஒரு கி.மீ.க்கும் சற்றுக் குறைவு. உள்ளே போன் உங்கள் கடைசி வேகத்தை வைத்துப் புள்ளியைத் தானாக நகர்த்தும் அல்லது அப்படியே நிற்கும். காரோடு வரும் நேவிகேஷன் சக்கரச் சுழற்சியைக் கணக்கிடுவதால் ஓரளவு சரியாக இருக்கும். வெளியே வந்ததும் வரும் முதல் திருப்பத்தை உள்ளே நுழையும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன் சூடாகி அணைகிறது, சார்ஜும் ஏறவில்லை. என்ன செய்வது?

திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ், டேட்டா, சார்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில், அதுவும் நேர் வெயிலில் நடக்கின்றன. ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்பது ஆப்பிளின் அறிவுரை. சித்திரை வெயிலில் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். சூடு ஏறினால் போன் முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு சார்ஜை நிறுத்தும், கடைசியில் அணையும்.

ஏசி துவாரத்துக்கு முன்னால் மாட்டும் ஹோல்டர் இதற்கு நல்ல தீர்வு. ஆனால் வடக்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் அதே துவாரம் போனைச் சுடவைக்கும், அந்தத் துவாரத்தை மட்டும் மூடிவிடுங்கள். தடித்த கவரைக் கழற்றுங்கள். வயர்லெஸ் சார்ஜர் கூடுதல் சூடு கொடுக்கும், கம்பி மேல். நிறுத்தும்போது போனைக் கண்ணாடியில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

சார்ஜ் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம் காரின் யூஎஸ்பி துளை. பாட்டுக் கேட்பதற்கான பழைய துளைகள் அரை ஆம்பியர்தான் தரும், மேப் அதைவிட அதிகம் தின்னும். சிகரெட் லைட்டர் துளையில் 18 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜரைப் போட்டு, நல்ல கேபிள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளை திடீரென்று செத்துப்போனால் பெரும்பாலும் ஃபியூஸ்தான். காரின் கையேட்டில் அதன் எண் இருக்கும், அதே ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கையில் இருக்கட்டும். லாரியில் 24 வோல்ட், 12 வோல்ட் சார்ஜரை அதில் செருகாதீர்கள்.

ஓட்டும்போது போனில் மேப் பார்ப்பது குற்றமா?

2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது கைபேசியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். நடைமுறையில் போன் ஹோல்டரில் இருக்க வேண்டும், கையில் பிடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஹோல்டர் சாலையை மறைக்கக் கூடாது. ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டக் கூடாது: அது வெடித்துத் திறக்கும்போது போன் முகத்துக்குப் பறந்து வரும். தட்டச்சு வேலை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது. தனியாகப் போகிறவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் தட்ட வேண்டும். தமிழ்க் குரலை வைத்துக்கொண்டால் திரையைப் பார்க்கும் தேவையே பாதி குறையும்.

ஸ்பீடோமீட்டர் 100 காட்டுகிறது, ஜிபிஎஸ் 94 காட்டுகிறது. எது சரி?

நேர்ச்சாலையில் ஒரே சீராகப் போகும்போது ஜிபிஎஸ்தான் உண்மைக்கு அருகில். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே காட்ட வைப்பார்கள். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜிபிஎஸ் ஒரு கணம் பின்தங்கும். செயலி காட்டும் வேக வரம்பு மட்டும் நம்பத்தக்கதல்ல, சாலைப் பலகையில் உள்ளதுதான் வரம்பு.

மேப் சொல்லும் நேரத்துக்குள் போய்ச் சேர முடிவதில்லையே?

அது நிற்காமல் ஓடினால் ஆகும் நேரம். டீ, சாப்பாடு, டீசல், குழந்தைகள் எதுவும் அதில் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குக் கால் மணி ஓய்வு, ஒரு முக்கால் மணிச் சாப்பாடு என்று சேர்த்தால் 11 மணி நேரப் பயணம் 13ஐத் தாண்டும். பெரிய நகரத்தை எந்த நேரத்தில் தாண்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆஃப்லைனில் ஓடும்போது நெரிசல் கணக்கில் வராது என்பதால் அங்கே இன்னும் கூடும்.

பைக்கில் போனை மாட்டினால் கேமரா கெடுமா?

கெட வாய்ப்பு உண்டு. ஆட்டத்தைச் சமன்செய்யும் லென்ஸ் உள்ள போன்களை என்ஜின் அதிர்வு பாதிக்கும் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கி உள்ள ஹோல்டர் வாங்குங்கள், அல்லது பழைய போனை மாட்டுங்கள். மழையில் திரை தானாகத் தட்டிக்கொள்ளும், வழியைத் தொடங்கியதும் திரையைப் பூட்டிவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சேட்டிலைட் மெசேஜ் அனுப்பும் கார்மின் கருவி கொண்டுவருகிறார். பரவாயில்லையா?

கொண்டுவர வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ் கருவிக்குப் பிரச்சினை இல்லை. இன்ரீச் போன்றவை செயற்கைக்கோளுக்குத் திரும்பச் செய்தி அனுப்புபவை. அவற்றையும் சேட்டிலைட் போனையும் அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். பெட்டிக்குள் அணைத்து வைத்திருந்தாலும் அப்படித்தான்.

பரணில் இருந்த பழைய கருவி தப்பான தேதி காட்டுகிறது, வழியும் பிடிக்கவில்லை. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணி, மறுபடி 0க்கு வரும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரல் 6 இரவிலும் அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத கருவி ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்னோக்கிய தேதியைக் காட்டும். தயாரிப்பாளரின் கணினி மென்பொருளோடு இணைத்துப் புதுப்பித்துவிட்டு, மொட்டை மாடியில் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். புதுப்பிப்பு கிடைக்காத மாடல் என்றால், தேதி தப்பாக இருந்தாலும் இடம் சரியாகக் காட்டுகிறதா என்று தெரிந்த தெருவில் சோதியுங்கள். அதிலுள்ள மேப் பத்தாண்டுப் பழசு என்றால் புதிய பைபாஸ் எதுவும் இருக்காது, நீங்கள் வயலுக்குள் மிதந்து போவது போலக் காட்டும்.

வண்டி நின்றுவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

112 அவசர உதவிக்கும், தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸுக்கும், தேசிய நெடுஞ்சாலையில் 1033க்கும் அழைக்கலாம். மறுமுனையில் கேட்பவருக்கு முதலில் வேண்டியது சாலை எண், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம், பக்கத்துக் கல்லில் உள்ள கி.மீ. எண். நான்குவழிச் சாலையில் பக்கத்தைச் சொல்லாவிட்டால் மீட்பு வண்டி எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். கல் கண்ணில் படாவிட்டால் மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள், தசம எண்கள் வரும். அவற்றை ஒவ்வோர் இலக்கமாக, "ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்று" என்று படியுங்கள். பேசும் அளவுக்கு டவர் இல்லாவிட்டாலும் குறுஞ்செய்தி சில வேளை போய்விடும், அதே எண்களை வீட்டுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி அங்கிருந்து அழைக்கச் சொல்லுங்கள்.